கை நீட்டுவது தாழ்வன்று

பனையேறியும் தென்னையேறியும் பிழைப்போர் வாழும் ஊர்களில் அவ்வப்போது காதில் விழும் செய்தி ஒன்று உண்டு. இன்னார் மரத்திலிருந்து விழுந்துவிட்டார், உயிருக்கு மோசமில்லை, ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்பார்கள். கிணறு வெட்டும்போது விழுந்தவர் உண்டு. பார வண்டி குடைசாய்ந்து நசுங்கியவர் உண்டு. இந்நாளில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்களும் மிகுதி. தண்டுவடம் முறிந்து தென்னிந்திய மருத்துவமனைகளுக்கு வருவோரில் உயரத்திலிருந்து விழுந்தவர்கள் பெரும்பங்கினர். அவர்களுள் நம்மைப்போன்ற உழவர்களும் தொழிலாளர்களும் பலர்.

அதன்பின் அவ்வீட்டில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். விழுந்தவர் ரோஷக்காரராயின், "எவருக்கும் பாரமாக இரேன்" என்று உணவையும் மருந்தையும் மறுத்து, தொட வந்தவர்களைச் சீறி விரட்டுவார். அவர் சாந்தமானவராயின், வீட்டார் அன்பு மிகுதியால் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவர். சோற்றைப் பிசைந்து ஊட்டுவர், முகம் துடைத்துவிடுவர், விதை நெல்லைப் பற்றியோ மகளின் விவாகத்தைப் பற்றியோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதைக்கூட நிறுத்திவிடுவர். வழிகள் இரண்டாயினும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. திண்ணை மூலையில் ஒரு கயிற்றுக் கட்டில்; சில திங்களில் முதுகிலே புண்; பிறகு காய்ச்சல்.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்றுண்டு என்பதைத் தம் வாழ்க்கையாலேயே காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் பணியாற்றியதும் நமக்கு அண்மையிலுள்ள வேலூரிலேயே. நம் அங்கத்தினர்கள் அவர் வரலாற்றை அறிந்திருப்பது நலம் என்று கருதி இதனை எழுதலானேன்.

மேரி வர்கீஸ் கொச்சிச் சீமையில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர். வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே இளம் டாக்டராகப் பணி தொடங்கினார். 1954-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், உடன் பணியாற்றிய இளம் டாக்டர்களோடு உல்லாசப் பயணமாக மோட்டார் வண்டியில் சென்றபோது விபத்து நேர்ந்தது. முகத்திலே கடுங்காயம்; முதுகுத்தண்டிலே முறிவு. கால்கள் இரண்டும் உணர்விழந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

டாக்டருக்கே இது நேர்ந்தால் துயரம் இருமடங்கு என்று தோன்றுகிறது. மற்ற நோயாளியிடம் நாளை சரியாகிவிடும் என்று சொல்லி வைக்கலாம். இவரிடம் சொல்ல இயலாது. அறுந்த தண்டுவடம் மீண்டும் கூடாது என்பதை அவர் தம் பாடப் புத்தகங்களிலேயே படித்திருந்தார். நேற்றுவரை பிறர் நாடியைப் பிடித்துப் பார்த்த கை, இன்று படுக்கையில் தன் உடலைப் புரட்டுவதற்கும் தாதியரை அழைக்க வேண்டியிருந்தது. அந்தத் திங்கள்களில் அவர் பட்ட மனத்துயர் கொஞ்சமன்று.

அவரிடம் வந்து, "உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சத்திர சிகிச்சை உண்டு" என்ற கருத்தை முன்வைத்தவர் டாக்டர் பால் பிராண்ட். இவரைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும்.

பிராண்ட் ஆங்கிலேயர், ஆயினும் நம் கொல்லிமலையிலே, மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர். மருத்துவம் படிக்குமுன் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் கட்டடத் தொழிலும் தச்சும் பயின்றவர். 1946-இல் வேலூருக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டு ஆராயத் தலைப்பட்டார். அதுவரை பலரும் எண்ணியிருந்தது, தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்பதே. பிராண்டும் அவருடைய தோழர்களும் கண்டறிந்ததோ வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டபின் கை வலியை அறியாது. வலியறியாக் கை சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணியில் கீறினாலும் தெரிவதில்லை. இப்படி நாளும் படும் காயங்களாலேயே விரல்கள் தேய்ந்து குறைகின்றன. இரவில் உறங்கும்போது எலி கடித்தும் விழிக்காதவர்கள் இருந்தார்கள் என்றால் நம்பக் கடினமாயிருக்கும். ஆனால் அது உண்மை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார்களாம்! மருந்துச் சீட்டிலே பூனையும் சேர்ந்தது இங்குதான் போலும்.

மடங்கிய விரல்களை நிமிர்த்த பிராண்ட் கையாண்ட முறை, நோய் தீண்டாத வலுவுள்ள தசை ஒன்றின் நாணைப் பிரித்தெடுத்து, செயலிழந்த தசைகளின் வேலையைச் செய்யுமாறு விரல்களுக்கு மாற்றிப் பொருத்துவது. வல்லது ஒன்று மெலிந்த நான்குக்குத் துணை நிற்கும் ஏற்பாடு. உடலுக்குள்ளேயே ஒரு கூட்டுறவுச் சங்கம் என்று நம்மவர் சொல்லக்கூடும். சிகிச்சை முடிந்ததும் கை தானே வேலை செய்துவிடாது. பழைய வேலையை மறந்து புதிய வேலையைக் கற்கும்படி அந்தத் தசையை வாரக்கணக்கில் பயிற்ற வேண்டும்.

இந்தச் சிகிச்சையில் நோயாளியின் கை பக்கத்துப் பலகையின்மீது நீட்டி வைக்கப்படும்; டாக்டர் அமர்ந்தே வேலை செய்வார். ஆகவே கால் இல்லாதது தடையாகாது. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் தொழுநோயாளிகள் முன் வந்தார், கைகளைச் சோதித்தார், பயின்றார், பின்னர்த் தாமே கத்தியை எடுத்தார். நடக்க இயலாத டாக்டரைக் கண்ட நோயாளிகளின் நிலையை எண்ணிப்பாருங்கள். ஊரார் ஒதுக்கிய அவர்களுக்கு எதிரே, தம்மைப்போலவே உடலின் ஒரு பாகத்தில் உணர்வற்ற ஒருவர் அமர்ந்து, அவர்கள் விரலை நிமிர்த்திக் கொடுக்கிறார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சிகிச்சை அறைக்கு அவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வரவேண்டும். காலையில் எழுப்பவும், உடுத்தவும், நாற்காலியில் ஏற்றவும் துணை வேண்டும். "என் வேலையை நானே செய்துகொள்ளும் வரையில் வெளியே வரமாட்டேன்" என்று அவர் பிடிவாதம் செய்திருந்தால், அவர் கையால் நிமிர்ந்த விரல்கள் யாவும் மடங்கியே கிடந்திருக்கும். அவர் பிறர் கையை ஏற்றார். ஏற்றதனால் தம் கையை விடுவித்துக்கொண்டார்.

தறியில் அமர்வோர் இதை எளிதில் உணர்வர். பாவு தோய ஒருவர், தார் சுற்ற ஒருவர், விழுது கட்ட ஒருவர் என்று பலர் கைபட்ட பிறகே நெசவாளர் நாடாவை வீசுகிறார். ஆயினும் சேலை நெய்தவர் யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். தார் சுற்றிக் கொடுத்ததனால் அவருடைய கைத்திறன் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

ஆனால் மேரி வர்கீஸ் அதோடு நின்றுவிடவில்லை. தள்ளுவதற்கு ஆள் இருக்கிறார் என்பதற்காகத் தள்ளப்பட்டுக்கொண்டே இருப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. ஆஸ்திரேலியாவிலே பெர்த் நகரத்தில் தண்டுவடம் முறிந்தவர்களுக்குப் பயிற்சியளிக்கும் மருத்துவமனையில் அவர் நோயாளியாகச் சேர்ந்தார். டாக்டராகிய தாம் மீண்டும் மாணவியாக, குழந்தை கற்பதுபோல, உடை உடுத்தவும், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், காலில் இரும்புத் தாங்கி அணிந்து நிற்கவும் கற்றார். பிறகு அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற விமானப் படையினரைக் கவனித்த அநுபவத்திலிருந்து ரஸ்க் ஒரு கொள்கை வகுத்திருந்தார். புண் ஆறுவதோடு வைத்தியம் முடிவதில்லை, அந்த மனிதர் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பும் வரையில் அது வைத்தியரின் கடமையே என்பது அக்கொள்கை.

1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வேலூர் திரும்பிய மேரி வர்கீஸ், அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அந்நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972-இல் பாரத அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் காலமானார்.

அத்தகைய நிலையத்தில் உண்மையில் நடப்பது என்ன? விருதுகளைவிட இதுவே நமக்குப் பயன்படும் செய்தி.

கட்டிலில் தூக்கி வரப்படும் நோயாளிக்கு முதலில் செய்வது, அவரைத் திருப்புதல். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவும் பகலும். உணர்வற்ற தோலின் மேல் ஒரே இடத்தில் எடை அழுந்தினால் இரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். நமக்கெல்லாம் உறக்கத்திலும் உடம்பு தானே புரண்டுகொள்கிறது. அவருக்கு அந்தக் காவல் போய்விட்டது. தொழுநோயாளியின் விரலுக்கும் இவருடைய முதுகுக்கும் கேடு ஒன்றே: வலி என்ற காவற்காரன் இல்லாமை. ஆகவே காவலைக் கண்ணிடம் ஒப்படைக்கிறார்கள். சில வாரங்களில் நோயாளி ஒரு கைக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, தம் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் தாமே நாள்தோறும் பார்த்துச் சிவப்புத் தட்டியிருக்கிறதா என்று சோதிக்கக் கற்கிறார். நாற்காலியில் அமர்ந்தபின், சிறிது நேரத்திற்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்கிறார். முதலில் பிறர் திருப்பினார்கள். பிறகு பிறரைத் திருப்பச் சொன்னார். கடைசியில் தாமே தூக்கிக்கொள்கிறார்.

சிறுநீர், மலம் பற்றி நம் ஊர்களில் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. ஆனால் மானம் போவதும் உயிர் போவதும் அங்கேதான். சிறுநீர்ப்பை நிரம்பித் தேங்கினால் சிறுநீரகம் கெடும். முற்காலத்தில் தண்டுவடம் முறிந்தவர்களில் பலர் மாண்டது இதனாலேயே. இன்று உரிய நேரங்களில் தாமே மெல்லிய குழாயை இட்டுச் சிறுநீரை வெளியேற்றக் கற்பிக்கிறார்கள். முதல் நாள் தாதி செய்யும்போது நோயாளி வெட்கத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வெட்கத்தைப் பொறுத்துக் கவனித்தால்தான், பின்னர் வாழ்நாள் முழுவதும் எவர் துணையுமின்றி அதைச் செய்துகொள்ள முடியும். ஒரு வார வெட்கம், ஓர் ஆயுள் சுதந்திரம். இந்தக் கணக்கு எவருக்கும் நஷ்டமில்லை.

பிறகு கைகளுக்கு வலுவூட்டுதல். கால்கள் செய்த வேலையெல்லாம் இனித் தோளின் மேல் விழுவதால், எடை தூக்கித் தோளை உரமாக்குகிறார்கள். மரமேறியவர்களும் ஏர் பிடித்தவர்களும் இதில் விரைந்து தேறக்கூடியவர்கள். இரண்டு நீளக் கம்பிகளின் இடையே, காலில் தாங்கிகளுடன் நிற்கப் பழகுகிறார்கள்.

வேலூர் நிலையத்தின் சிறப்பு ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அங்கே நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் தங்குகிறார். அவருக்கும் பயிற்சி உண்டு. எப்படித் திருப்புவது, புண்ணை எப்படிக் கழுவுவது என்பவற்றோடு, எப்போது உதவாமல் இருப்பது என்பதும் அவர் கற்கவேண்டிய பாடம். நோயாளி சட்டைப் பொத்தானை மாட்டக் கால் மணி நேரம் போராடும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது, பெற்ற தாய்க்கு எவ்வளவு கடினம் என்று தாய்மார்களே அறிவர்! ஆயினும் அந்தக் கால் மணி மறுவாரம் ஐந்து நிமிஷமாகிறது. பயிற்சி முடித்து ஊர் திரும்பியவர்கள் ஆண்டுதோறும் அந்நிலையத்தில் ஒரு மேளாவாகக் கூடுகிறார்கள், உடலைச் சோதித்துக்கொள்கிறார்கள், விளையாட்டுப் போட்டிகளும் நடக்கின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மேரி வர்கீஸுக்குக் கைகள் இருந்தன. கையும் அசையாதவர் என் செய்வார்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து எட் ராபர்ட்ஸ் என்பவரின் வரலாறு இதற்கு விடை தரும். 1939-இல் பிறந்த அவரை 1953-இல், பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் செயலற்றது. மூச்சு விடுவதற்கே இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளைக்குள் படுக்கவேண்டும். பையன் வாழ விரும்பாமல் உணவை மறுத்தான்; உடல் எலும்பும் தோலுமாயிற்று. தனக்கென அமர்த்தப்பட்டிருந்த தாதியருள் கடைசியானவரும் விடைபெற்றுச் சென்றபின், ஏதோ எண்ணமிட்டவனாய், உண்ணத் தொடங்கினான். ஊட்டியது பிறர் கைதான். ஆனால் உண்பதென்று தீர்மானித்தது அவன். அந்த ஒரு தீர்மானத்தில் பிறந்ததே அவனுடைய பிற்கால வாழ்வெல்லாம்.

1962-இல் அவர் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரலை வைக்க விடுதியில் இடமில்லாததால், பல்கலைக்கழக மருத்துவமனையின் ஓர் அறையே அவருக்கு விடுதியாயிற்று. உடலுழைப்புக்கு உதவியாட்களை அமர்த்தி, இன்ன நேரத்தில் இன்னது செய்க என்று அவரே பணித்தார். சுதந்திரம் என்பது எல்லாவற்றையும் தானே செய்வதன்று, தன் வாழ்வைத் தானே நடத்துவது என்ற கருத்து அவர் போன்றோரால்தான் அங்கே ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1972-இல் பெர்க்லியில் சுயேச்சை வாழ்வு மையம் ஒன்று தோன்றியது. உடல் குறைபாடுடையவர்களே அதை நடத்தினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மாகாணத்து மறுவாழ்வு இலாகா அவர் படிப்புக்கு உதவ முதலில் மறுத்தது. இவர் ஒருநாளும் வேலை செய்ய இயலாதவர் என்பது அதற்குச் சொன்ன காரணம். 1975-இல் கவர்னர் அவரை அந்த இலாகாவுக்கே தலைவராக நியமித்தார்!

மீண்டும் வேலூருக்கு வருவோம். ஏனெனில் சங்கத்தார்க்கு மிக நெருங்கிய பாடம் அங்கேதான் உள்ளது. பிராண்ட் நிமிர்த்திய கைகளோடு ஊர் சென்ற தொழுநோயாளிகள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைக் காட்டியபோது பிச்சை கிடைத்தது. நிமிர்ந்த கைக்குப் பிச்சையுமில்லை, தொழுநோய் கண்டவர் என்பதால் வேலையுமில்லை என்றார்கள். சிகிச்சை அவர்கள் பிழைப்பையே கெடுத்துவிட்டது! வைத்தியம் பழுதன்று, வைத்தியத்திற்கு அப்பால் நிற்க வேண்டிய துணை இல்லாமற் போனதே குறை. எனவே நவஜீவ நிலையம் என்ற சிற்றூர் போன்றதோர் இடம் அமைந்தது. எளிய குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை. பழைய தச்சரான பிராண்ட் தாமே அங்கே உளி பிடிக்கக் கற்பித்தார். உணர்வற்ற கையைப் புண்படுத்தாதபடி கருவிகளின் கைப்பிடிகளை மாற்றியமைத்தார்கள். அங்கிருந்து வெளியேறியவர்கள் தொழில் தெரிந்தவர்களாக வெளியேறினார்கள்.

பிச்சையும் உதவிதான், பட்டறையும் உதவிதான். ஒன்று மறுநாளும் அதே உதவியைக் கேட்க வைக்கிறது. மற்றது கேட்கும் அளவை நாளுக்கு நாள் குறைக்கிறது, அல்லது கேட்பவரையே கொடுப்பவராக்குகிறது. சங்கத்தில் நூல் வாங்கும் அங்கத்தினர் வட்டிக் கடைக்காரரிடம் வாங்குபவரைப்போல் தலை குனிவதில்லை; ஏனெனில் சங்கம் அவருடையது. வீட்டிலும் ஊரிலும் நாம் நீட்டும் கை அத்தகையதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. வாங்குபவருக்கும் ஒரு பொறுப்புண்டு. இன்னது வேண்டும், இவ்வளவு போதும், இதை நானே செய்வேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாத தேவையை ஊகித்துச் செய்யும் உதவி பெரும்பாலும் மிகையாகவோ குறைவாகவோ போய்விடுகிறது.

அரசாங்கத்தின் தரப்பில், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களும் அதில் அடங்குவர். அடையாள அட்டை பெறுவதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். அட்டை வாங்குவதற்கே வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் வீட்டில் கிடப்பவர்கள் நம் உறவினருள்ளும் இருக்கலாம். அவர்களை அழைத்துச் செல்வது ஒரு நாள் வேலை.

சங்கங்கள் செய்யத்தக்கது இன்னும் எளியது. பல சங்கக் கட்டடங்களின் வாயிலில் மூன்று படிகள் உள்ளன. ஈவுத்தொகை வாங்கவும் பொதுக்குழுவில் கை தூக்கவும் உரிமையுள்ள அங்கத்தினர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தால், அந்தப் படிகளின் கீழே நின்று, உள்ளே நடப்பதைப் பிறர் வாயிலாகக் கேட்டறிய வேண்டியதுதான். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சரிவுப் பாதைக்குரிய அளவு. படிகள் மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி நீளம் வேண்டும். அகலம் நான்கடி இருந்தால் நலம். ஓரத்தில் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். முன்புறத்தில் இடம் போதாவிட்டால் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம். செங்கல்லும் சிமெண்டும் கொத்தனார் கூலியும் என்ன ஆகும் என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கணக்குப் பார்க்கலாமே.